அடுப்படி உழைப்பும் வருமான வரியும்

கள்ளக்குறிச்சியை அடுத்த ரிஷிவந்தியத்தில் ஒரு சிவன் கோவில் இருக்கிறது. சாமியின் பெயர் அர்த்தநாரீசுவரர். பாதி சிவன், பாதி உமை. தேன் அபிஷேகம் நடக்கும்போது லிங்கத்தில் அந்த இரண்டு வடிவமும் தெரியும் என்று பக்தர்கள் சொல்கிறார்கள்.

கணவனும் மனைவியும் ஓர் உடம்பு. இது சாமி காட்டும் பாடம்.

சரி. சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் ஒருவரா? இருவரா?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான், ஒரு பெண் வேலைக்குப் போகிறாளா, அடுப்படியோடு நின்றுவிடுகிறாளா என்பதே பல வீடுகளில் முடிவாகிறது.

"எங்களுக்கு ஏது வருமான வரி? நாங்கள் கரும்பும் நெல்லும் போடுகிறவர்கள்" என்று ரிஷிவந்தியத்துக்காரர்கள் சொல்லலாம். உண்மைதான். விவசாய வருமானத்துக்கு மத்திய சர்க்காரின் வருமான வரி கிடையாது. ஆனாலும் இந்த விஷயம் அவர்கள் வீட்டு வாசலுக்கும் வருகிறது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வரியைப் பார்ப்போம்.

படிக்கட்டு வரி

வருமானம் ஏற ஏற, வரி விகிதமும் ஏறுகிறது. இதை "வளர்விகித வரி" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நாம் "படிக்கட்டு வரி" என்று வைத்துக்கொள்வோம்.

2025-26 பட்ஜெட்டில் போட்ட படிகள் இவை: முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம். பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 10, 15, 20, 25 என்று ஏறுகிறது. 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். இதில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, கணக்குப் போட்ட வரியையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இங்கே பலருக்கு ஒரு பயம் உண்டு. "மேல் படியில் கால் வைத்தால் மொத்தப் பணத்துக்கும் மேல் படி வரி போட்டுவிடுவார்கள்" என்று நினைக்கிறார்கள். அது தவறு. மேல் படியில் இருக்கும் பணத்துக்கு மட்டுமே மேல் படி வரி. கீழ்ப் படியில் இருக்கும் பணத்துக்குக் கீழ்ப் படி வரிதான்.

இந்த முறை நியாயமானதா? நியாயமானதே. கூலிக்காரரின் 100 ரூபாயும் கோடீசுவரரின் 100 ரூபாயும் ஒன்றல்ல. ஒருவருக்கு அது அரிசி. மற்றவருக்கு அது சில்லறை. ஆளுக்கு ஆள் ஒரே அளவு வரி என்றால், அது ஏழையின் வயிற்றில்தான் அடிக்கும்.

ஆனால், படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

மிச்சம் 2 ரூபாய் 25 காசு!

இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டு வந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1860. சிப்பாய்க் கலகத்தால் காலியான கஜானாவை நிரப்பவே இந்த வரி வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு படிகள் உயர்ந்துகொண்டே போயின. 1973-74-ம் ஆண்டில் மொத்தம் 11 படிகள் இருந்தன. உச்சிப் படியில் 85 சதவீதம் வரி. அதன் மேல் கூடுதல் வரி. இரண்டும் சேர்ந்தால் 97.75 சதவீதம்! ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் சம்பாதித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் கைக்கு மிஞ்சியது 2 ரூபாய் 25 காசு.

இதனால் சர்க்கார் கஜானா நிரம்பியதா? சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையில் அமைத்த குழு 1971-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. வரி ஏய்ப்புக்கு முதல் காரணமே அளவுக்கு மீறிய வரி விகிதம்தான் என்று அந்தக் குழு சொன்னது. கணக்கில் காட்டினால் 2 ரூபாய். மறைத்தால் 100 ரூபாய். மறைக்கத்தானே மனம் போகும்?

பிறகுதான் படிகள் இறங்கின. 1974-75-ல் நிதி மந்திரி சவான் உச்சி வரியை 77 சதவீதமாகக் குறைத்தார். 1976-77-ல் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் 66 ஆக்கினார். 1985-86-ல் வி.பி. சிங் 50 ஆக்கினார். 1997-98-ல் ப. சிதம்பரம் 30 சதவீதத்துக்குக் கொண்டு வந்தார்.

இதற்கு வெளிநாட்டுப் பாடம் தேவையே இல்லை. சங்க காலத்தில் பிசிராந்தையார் என்ற புலவர், பாண்டியன் அறிவுடைநம்பிக்கு இதைச் சொல்லியிருக்கிறார். வயலை அறுத்துக் கவளம் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் ஆகும். யானையே வயலில் இறங்கினால்? தின்பதைவிட மிதித்து அழிப்பதுதான் அதிகம். வரி வாங்குவதும் அப்படித்தான் என்றார் புலவர்.

அதற்காக, "பணக்காரருக்கு வரியைக் குறைத்தால் நாடு தானாக வளர்ந்துவிடும்" என்று சொல்கிறவர்களின் பேச்சையும் நம்பிவிடக் கூடாது. 1950-களில் அமெரிக்காவில் உச்சி வரி 91 சதவீதமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் அந்த நாடு நன்றாகவே வளர்ந்தது. அந்த உச்சியைத் தொட்டவர்கள் மிகச் சிலர். வரியாக வந்த பணம் ரோடும் பள்ளிக்கூடமுமாக மாறியது. ஆகவே வரி விகிதம் மட்டும் ஒரு நாட்டின் தலையெழுத்தை எழுதுவதில்லை. வாங்கிய பணத்தை என்ன செய்தார்கள் என்பதும் பெரிய விஷயம்.

கணக்கில் வராத ஐந்து மணி நேரம்

இனி அடுப்படிக்கு வருவோம்.

நம் நாட்டில் யார் எவ்வளவு நேரம் என்ன வேலை செய்கிறார்கள் என்று 2019-ல் மத்திய சர்க்கார் ஒரு கணக்கு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையைச் செய்தவர்கள், 100 பெண்களில் 81 பேர். 100 ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்த பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம்.

2024-ல் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிஷம். ஆணுக்கு 88 நிமிஷம். ஐந்து ஆண்டில் பெண்ணுக்கு 10 நிமிஷம் குறைந்தது. ஆணும் சும்மா இருக்கவில்லை. அவரும் 9 நிமிஷம் குறைத்துக்கொண்டார்!

இந்த ஐந்து மணி நேர உழைப்பு, நாட்டு வருமானக் கணக்கில் வருகிறதா? வரவில்லை. பிகு என்ற இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் இதை வேடிக்கையாக விளக்கினார். ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால், நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்றார். அதே சமையல்தான். அதே துவையல்தான். சம்பளம் நின்றுவிட்டதால் கணக்கும் நின்றுவிட்டது!

வீட்டு வேலைக்கு வரியும் இல்லை. இது நல்லதுதானே என்று தோன்றும். அடுப்புக்கு வரி போடச் சொல்லி நானும் எழுதவில்லை. ஆனால் அதனால் வரும் விளைவைப் பாருங்கள்.

பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒரு பெண், கூடுதலாக 100 ரூபாய் சம்பாதிக்கிறார். அதில் 30 ரூபாய் வரிக்குப் போகிறது. கையில் 70. அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு 80 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் சம்பாதித்தும் 10 ரூபாய் நஷ்டம்! "வேலையே வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் நினைத்தால் அதில் என்ன தப்பு?

வரி ஏறும்போது வேலையை விடுகிறவர் யார்? கணவரா? பல நாடுகளில் கண்ட உண்மை இது: கணவர் விடுவதில்லை. மனைவிதான் விடுகிறார்.

ஒருவரா, இருவரா?

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம்.

நம் சட்டத்தில் கணவனுக்கு ஒரு கணக்கு. மனைவிக்கு ஒரு கணக்கு. அவளுடைய முதல் ரூபாய், முதல் படியில் இருந்தே ஏறத் தொடங்குகிறது. கணவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை.

எல்லாக் காலத்திலும் கல்யாணத்தைப் பார்க்காமல் வரி போட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1955-56 பட்ஜெட்டில் நிதி மந்திரி தேஷ்முக் ஒரு காரியம் செய்தார். கல்யாணம் ஆனவருக்கு 2,000 ரூபாய் வரை வரி இல்லை. ஆகாதவருக்கு 1,000 ரூபாய் வரைதான் வரி இல்லை என்றார். பிரம்மச்சாரிகளுக்கு அது போதாத காலம்! பிற்காலத்தில் பெண்களுக்குத் தனிச் சலுகை இருந்தது. 2011-12-ல் ஆணுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம், பெண்ணுக்கு 1 லட்சத்து 90 ஆயிரம் வரை வரி இல்லை. 2012-13 முதல் இருவருக்கும் ஒரே அளவு ஆனது.

வெளிநாடுகளில் எப்படி? ஜெர்மனியில் 1958 முதல் தம்பதியின் வருமானத்தைக் கூட்டி, இரண்டாகப் பிரித்து வரி போடும் முறை வந்தது. சுவீடன் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. 1971-ல் கணவன் மனைவிக்குத் தனித்தனி வரி என்று மாற்றியது. குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லங்களையும் பெருக்கியது. அதன் பிறகு அங்கே வேலைக்குப் போகும் பெண்களின் கூட்டம் வெகுவாகப் பெருகியது.

நம் நாட்டிலும் ஜெர்மனி முறையை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 பட்ஜெட்டுக்கு முன்னால், பட்டயக் கணக்காளர்களின் அமைப்பே ஒரு யோசனை கூறியது. விரும்பும் தம்பதிகள் சேர்ந்து ஒரே கணக்குக் காட்டலாம் என்பது அந்த யோசனை.

கேட்க இனிமையாக இருக்கிறது. அர்த்தநாரீசுவரர் முறை போலவும் தெரிகிறது. ஆனால் நான் இதை ஏற்கவில்லை. ஏன்? ஒரு கணக்குப் போடுவோம். சில்லறைக் கழிவுகளை விட்டுவிடுவோம்.

சென்னையில் ஒருவர் ஆண்டுக்கு 24 லட்சம் சம்பாதிக்கிறார். மனைவிக்கு வருமானம் இல்லை. 2025-26 படிகளின்படி அவர் வரி 3 லட்சம் ரூபாய். கூட்டிப் பிரிக்கும் முறை வந்தால் ஆளுக்கு 12 லட்சம். 12 லட்சத்துக்கான தள்ளுபடியும் ஆளுக்கு ஒன்று என்றால், வரி சுத்தமாக இல்லை. 3 லட்சம் லாபம்!

இப்போது மனைவி வேலைக்குப் போகிறார். ஆண்டுக்கு 4 லட்சம் சம்பளம். தனிக் கணக்காக இருந்தால் அவர் 4 லட்சத்துக்கு ஒரு பைசாகூட வரி இல்லை. கூட்டுக் கணக்கில்? மொத்தம் 28 லட்சம். ஆளுக்கு 14 லட்சம். தலைக்கு 90 ஆயிரம் வரி. இருவருக்கும் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரம். அந்த அம்மாள் சம்பாதித்த 4 லட்சத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது!

"கட்டாயம் இல்லையே, விரும்பினால் தனியாகக் காட்டலாமே" என்று கேட்கலாம். தனியாகக் காட்டினால் கணவருக்குப் பழையபடி 3 லட்சம் வரி. 1 லட்சத்து 80 ஆயிரம் இதைவிடக் குறைவு. எனவே கூட்டுக் கணக்கைத்தான் எடுப்பார்கள். மனைவி வேலைக்குப் போவதுதான் நஷ்டக் கணக்காகத் தெரியும்.

ஆக, இந்தச் சலுகையின் லாபம் யாருக்கு? ஒருவர் மட்டும் பெரிதாகச் சம்பாதிக்கும் வீட்டுக்கு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ரிஷிவந்தியத்துக் குடும்பத்துக்கு இதில் ஒரு காசும் இல்லை.

ஏழைக்கு மட்டும் கூட்டுக் கணக்கு

இனி ரிஷிவந்தியத்து வாசலுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் பெற்றார்கள். சம்பளம் இல்லாத வீட்டு உழைப்புக்கு ஒரு மரியாதை என்பதற்காகவே "உதவி" என்று சொல்லாமல் "உரிமை" என்று பெயர் வைத்தார்கள். நல்ல காரியம். சந்தேகம் இல்லை.

ஆனால் தொடங்கியபோது வகுத்த விதிகளைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் யாரும் வருமான வரி கட்டுகிறவராக இருக்கக் கூடாது.

கவனித்தீர்களா? இங்கே "குடும்ப" வருமானம்! கணவனையும் மனைவியையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள்.

ஒரு கிராமத்துக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவருக்கு ஆண்டுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் வருமானம். மனைவிக்குத் தையல் தெரியும். ஒருநாள் ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு நடக்கிறது.

"ஏங்க, டவுனில் தையல் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம். வருஷத்துக்கு நாற்பதாயிரம் வருமாம். போகட்டுமா?"

"போனா மாசம் ஆயிரம் நின்னுபோகுமாம். ஏற்கெனவே வர்றது போயிடுச்சுன்னா? இருக்கிறதை வச்சுப் பார்த்துக்கலாம், விடு."

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. 40 ஆயிரம் வந்தால் குடும்ப வருமானம் 2 லட்சத்து 60 ஆயிரம். வரம்பு தாண்டிவிட்டது. ஆண்டுக்கு 12 ஆயிரம் போய்விடும். 40 ஆயிரத்தில் 12 ஆயிரம் என்றால் எத்தனை சதவீதம்? 30 சதவீதம்!

24 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் சீமானுக்குப் போட்ட அதே 30 சதவீதம். அதுவும் அவருக்கு மேல் படிப் பணத்துக்கு மட்டும். தையல்காரிக்கோ முதல் ரூபாயில் இருந்து கடைசி ரூபாய் வரை!

"கிராமத்தில் யார் வருமானத்தை இவ்வளவு துல்லியமாக எழுதி வைக்கிறார்கள்? அதிகாரி கண்டுபிடிக்கவா போகிறார்?" என்று சிலர் சிரிக்கலாம். விதி பிடிக்கிறதோ இல்லையோ, பயம் பிடித்துவிடுகிறது. ஒருத்தி வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டால், எந்த அதிகாரியின் ஏட்டிலும் அது பதிவாகாது.

கைப்பிடிச் சுவர் எங்கே?

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

2025-26 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி தள்ளுபடி என்றார்கள் அல்லவா? ஒருவருக்கு 12 லட்சத்து 10 ஆயிரம் வருமானம் வந்தால் என்ன ஆகும்? படிக் கணக்கின்படி 61,500 ரூபாய் வரி வர வேண்டும். 10 ஆயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 61,500 அபராதமா? கூடாது என்று சட்டமே சொல்கிறது. கூடுதலாக வந்த அந்த 10 ஆயிரத்துக்கு மேல் வரி வாங்கக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது.

நல்ல ஏற்பாடு. மேலே ஏறுகிறவர் பள்ளத்தில் விழாதபடி ஒரு கைப்பிடிச் சுவர்.

இரண்டரை லட்சக் குடும்பத்துக்கு அந்தச் சுவர் எங்கே? 2,49,000 ரூபாயில் முழுத் தொகை. 2,51,000 ரூபாயில் ஒன்றுமே இல்லை. 2,000 ரூபாய் கூடுதலாக வந்ததற்கு 12,000 நஷ்டம்! பணக்காரருக்குப் படிக்கட்டு, ஏழைக்குக் கிணறு. இது என்ன நியாயம்?

வரி நேரமாகத் திரும்பட்டும்

இப்படிச் சொல்வதால், வருமான வரியே கெட்டது என்று அர்த்தம் அல்ல. வருமான வரி முதலிய மத்திய வரிகளில் ஒரு பங்கு மாநிலங்களுக்கு வருகிறது. 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை 41 சதவீதம் என்று அந்தப் பங்கை வகுத்தது. பெரிய வருமானக்காரர் கட்டாமல் விட்டால், அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? சோப்பிலும் செருப்பிலும்தான் வரி ஏறும். அது ரிஷிவந்தியத்துச் சந்தைக்கு வருகிறவர் தலையில் விழும்.

கல்வராயன் மலை மக்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. வரி வாங்கியவர்களும் அவர்கள்தான். ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் மலை ஏற ரொம்ப காலம் பிடித்தது. வாங்கும் வரி மக்களுக்கே திரும்பி வராவிட்டால் அதற்குப் பெயர் வரி அல்ல, கப்பம்.

வரி எப்படித் திரும்ப வேண்டும்? பணமாக வரலாம். நேரமாகவும் வரலாம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பிள்ளைக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு என்றால், களை எடுக்கப் போகும் தாய்க்கு விடியற்காலையில் ஓர் அடுப்பு வேலை குறைகிறது. 2021 மே மாதத்தில் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று ஆனது. வேலை தேடிப் போகும் தூரம் கூடியது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தால், குடம் சுமக்கும் நேரம் மிச்சம். பணக்காரர் கட்டிய வரி, ஏழைப் பெண்ணின் ஐந்து மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைக்குமானால், அதைவிட நல்ல பொருளாதார வளர்ச்சி வேறு எது? அந்த ஒரு மணி நேரத்தில் அவள் தைப்பாள். படிப்பாள். ஏன், சற்று நேரம் கண் அசரக்கூடாதா?

என்ன செய்யலாம்?

மூன்று காரியம் செய்யலாம் என்பது என் கருத்து.

ஒன்று: வருமான வரியில் கணவனுக்கும் மனைவிக்கும் தனிக் கணக்கே இருக்கட்டும். கூட்டுக் கணக்கு வேண்டாம்.

இரண்டு: மகளிருக்கான உதவிகளில் வரம்பு வைக்கும்போது, மனைவியின் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விடட்டும். வரம்பு தாண்டினால் ஒரேயடியாக நிறுத்தாமல், 1,000-ஐ 750, 500, 250 என்று படிப்படியாகக் குறைக்கட்டும்.

மூன்று: அங்கன்வாடி, காலை உணவு, தண்ணீர், பஸ் ஆகிய நான்குக்கும் வரிப் பணம் தாராளமாகப் போகட்டும். பெண்ணின் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுப்பவை இவை.

சர்க்கார் செய்ய வேண்டியது இவ்வளவு. வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த 88 நிமிஷக் கணக்கை ஆண்கள் கொஞ்சம் ஏற்றலாம். அதற்குச் சட்டம் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம். தட்டைக் கழுவ யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ரிஷிவந்தியத்துச் சாமி பாதி உடம்பைக் கொடுத்தார். கொடுத்த பிறகு உமையின் பாதியை அவர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. அது அவள் பாதிதான். நம் வரி ஏட்டிலும் உதவி ஏட்டிலும் அவள் பாதி அவள் பெயரிலேயே இருக்கட்டும்!